விலை தோன்றும் இடம்

டுலூத்தில் பனி விழாத மாதம் ஒன்று உண்டென்பது
எங்கள் காமிராவுக்குத் தெரியாது.
குளிரிலிருந்து கடைக்குள் நுழைந்ததும்
லென்ஸ் வியர்க்கும். கால்மணி நேரம் காத்திருப்போம்.
அந்தக் கால்மணி நேரத்தில்தான்
கடைக்காரர்கள் பயந்துபோவார்கள்.

இருபத்தாறு வருடம், முப்பது முப்பது விநாடியாக
இந்த ஊரை விற்றுக்கொடுத்தவன் நான்.
கம்பளம், பழைய கார், செயற்கைப் பல்.
வெண்டல் ஸ்டோர்லி கூட்டிவந்த சேவல்
என் கேபிளைக் கொத்தியது.
ஒருமுறை சவப்பெட்டி. தள்ளுபடி இல்லை என்பதை
எப்படிச் சிரித்தபடி சொல்வதென்று
அரைநாள் யோசித்தோம்.

ஆர்வில் நியெமியை உங்களுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் இந்நேரம் நீங்களே கூவியிருப்பீர்கள்:
"நீங்க தூங்கணும்னு நான் முழிச்சிருக்கேன்!"
இரவு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாய்
மெத்தைமேல் ஏறி நின்று
காது கிழியக் கத்துவார்,
பத்து மணிச் செய்தி முடிந்து
வானிலை தொடங்கும் முன்.
பாலம் உயரும்போது
தாதுக் கப்பல் மாலுமிகள்கூட அதைச் சொல்லிக் கையசைப்பார்களாம்.
சொன்னது ஆர்வில்தான்.
நம்பலாம், நம்பாமலும் போகலாம்.

எண்பத்தாறு, பிப்ரவரி. பதினான்காவது டேக்.
விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு
மெத்தை விளிம்பில் உட்கார்ந்தார்.
"நெஜமாவே தூக்கம் வரலை, லாயிட்.
ஐரீன் போனதுலேருந்து மூணு மாசமா.
ராத்திரி இங்கேயே ஒவ்வொரு மெத்தையாப் படுத்துப் பாக்கறேன்."
நாற்பத்தோரு மெத்தைகள் இருந்தன கடையில்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
பாட்டரி இன்னும் எட்டு நிமிடம் தாங்கும் என்றேன்.
எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார். கத்தினார்.
ஒளிபரப்பானது அதுதான்.
ஆறு வருடம் ஓடியது.

அவர் அடக்கத்தில் பாதிரியார்
எல்லோரும் எதிர்பார்த்த அந்த நகைச்சுவையைச் சொன்னார்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே சபை சிரித்தது.
நானும் சிரித்தேன்.
சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

டேப்புகளை நிலையம் குப்பைக்கு அனுப்பியபோது
இரண்டு பெட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.
போட்டுப் பார்க்க இயந்திரம் இல்லை.
காரேஜில், உப்பு மூட்டைக்கும்
பனி வாரும் மண்வெட்டிக்கும் நடுவே
எல்லாத் தள்ளுபடியும்
இந்த ஞாயிறோடு முடிகிறது,
இந்த ஞாயிறோடு முடிகிறது.

இப்போது திரையில் வருகிறவர்களுக்கு அழகான பற்கள்.
எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாது.
கம்பளம் கிழிந்தால்
யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?
அன்றைக்கு, பத்து வருடம் உழைக்கும் என்று சொன்ன வாய்
ஞாயிறு காலை பக்கத்து பெஞ்சில் பாடிக்கொண்டிருக்கும்,
சுருதி சேராமல்.

அப்படிப் பாடுகிறவள் வெல்மா புக்கிலா.
புக்கிலா கம்பளங்கள், மேற்கு முதல் தெரு.
"கையை இங்கே காட்டுங்க" என்பேன்,
தோளுக்கு ஓரடி தள்ளி.
"இங்கே ஒண்ணுமில்லையே?"
"விலை அப்புறம் வரும். ஸ்டுடியோவுல. மஞ்சள் எழுத்துல."
"எவ்வளவுன்னு போடுவீங்க?"
"நீங்கதான் சொல்லணும், வெல்மா."
வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
அவள் போட்டாள், வெறும் காற்றில்,
அங்குலம் பிசகாமல், பதினோரு வருடம்.

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தேன்.
எண்பத்துமூன்று வயதிருக்கும்.
உறைந்த மீன் வரிசையில் நின்றிருந்தாள்.
என்னைத் தெரியவில்லை, அல்லது
காமிரா இல்லாத என்னைத் தெரியவில்லை.
என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டான் கடைப் பையன்.

அவள் பாதி இடப்பக்கம் திரும்பினாள்.
மோவாய் கொஞ்சம் மேலே.
தோளுக்கு ஓரடி தள்ளி
உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.
பையன் அங்கே பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
திறந்த ஃப்ரீசரிலிருந்து
புகை போலக் குளிர் வந்துகொண்டிருந்தது.
கையை அவள் இறக்கவில்லை.
இன்னும் முப்பது விநாடி ஆகியிருக்கவில்லை.